கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் ஏன் வருகிறது?

வாசிக்காமல் இருக்கும்போதும் ஆம்ப் உறுமுகிறது, வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது என்கிறீர்கள். முதலில் கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் ஆம்பைச் சந்தேகிக்க வேண்டாம். கேபிள், பெடல், கிட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நான் எப்போதும் கேபிளில்தான் தொடங்குவேன்.

கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப், ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை என்றால் இன்னொரு சோதனை உண்டு. பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அந்தச் சுருள் ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும். கிட்டாரோடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கினால் காரணம் அதுதான். இரண்டு சுருள்களும் எதிரெதிராக வேலை செய்யும் ஹம்பக்கர் பிக்கப் இதற்காகவே வந்தது.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் போதும்.

கேபிள் இல்லாமலும் 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் உறுமினால், பவர் சப்ளையில் மின்னோட்டத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருக்கலாம். அதை நீங்களே திறக்காதீர்கள். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் அவற்றில் தேங்கியிருக்கும். அப்புறம், இரைச்சலைக் குறைக்க எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.