பிரவுன் பெல்ட்டோடு பாடம் எடுப்பது

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் கராத்தே கற்ற நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு 20 வயது. பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து ஷோட்டோகான் கராத்தே. மூன்று வருடமாகப் பிரவுன் பெல்ட். போன மாதம் பிளாக் பெல்ட் டெஸ்டுக்குப் போனேன். பேசிக்ஸும் கட்டாவும் (தனியாக, வரிசையாகச் செய்யும் அசைவுகள்) நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். குமித்தேயில் (எதிராளியோடு மோதுவது) நிறுத்திவிட்டார்கள். "அடிக்கவே மாட்டேங்குற, காத்துக்கிட்டே நிக்குற. ஆறு மாசம் கழிச்சு வா" என்றார் டெஸ்ட் எடுத்தவர். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் பாஸ்.

ஒன்றரை வருடமாக மாஸ்டர் சின்னப் பிள்ளைகள் பேட்சை என்னிடம் கொடுத்திருக்கிறார். வாரத்தில் நாலு நாள், ஒரு மணி நேரம். இருபத்திரண்டு பிள்ளைகள். அது முடிந்து பெரியவர்கள் கிளாஸ் தொடங்கும்போது களைத்துவிடுகிறேன். பல நாள் அதிலும் என்னையே கவுண்ட் சொல்ல வைத்துவிடுகிறார். மாதக் கட்டணம் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னைச் சும்மா வேலை வாங்குகிறாரா என்று வீட்டில் கேட்கிறார்கள். நானே மாணவன், எனக்கே சரியாக வராததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? டெஸ்டுக்குப் பிறகு அதே பெல்ட்டோடு பிள்ளைகள் முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பையன் "அண்ணா, பெயிலா?" என்று கேட்டேவிட்டான். பாடம் எடுப்பதை விட்டுவிடவா? இந்தப் பெல்ட்டுக்கெல்லாம் அர்த்தம் இருக்கிறதா?

(பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

டெஸ்ட் எடுத்தவர் சொன்ன "காத்துக்கிட்டே நிக்குற" என்பதை ஒரு பத்தியிலும், பிள்ளைகள் பேட்சை இன்னொரு பத்தியிலும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், பாடம் எடுத்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நானும் பிரவுன் பெல்ட்டோடுதான் முதன்முதலில் பிள்ளைகள் முன்னால் நின்றேன். பள்ளி மைதானம், சாயங்காலம், பதினைந்து பிள்ளைகள். ஹெய்யான் வரிசையின் முதல் கட்டாவான ஹெய்யான் ஷோதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும், 21 அசைவு. முன்னால் மூன்று அகெ-உகே (கையைத் தூக்கித் தடுப்பது), திரும்பி வரும்போது மூன்று ஓய்-சுக்கி (அடி வைத்துக் குத்துவது). சரியாகச் செய்தால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒன்பதாவது அசைவில் கியாய் (உரத்த கத்தல்) போட்டு முக்கால் சுற்றுத் திரும்பும் இடத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். நான் ஒவ்வொருவர் காலடியிலும் சாக்பீஸால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, "முடிக்கும்போது இந்தக் கோட்டுல நிக்கணும்" என்றேன். ஒருத்தரும் நிற்கவில்லை. "நான் செஞ்சு காட்டுறேன், பாருங்க" என்று எனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு செய்து முடித்தேன். குனிந்து பார்த்தால் கோடு எனக்கு முன்னால் ஒன்றரை அடி தள்ளிக் கிடந்தது.

பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அன்று ராத்திரி மொட்டை மாடியில் பத்துத் தடவை செய்து பார்த்தேன். பத்துத் தடவையும் அதே ஒன்றரை அடி. அகெ-உகே போடும்போது கையைத் தூக்குகிற அவசரத்தில் என் அடி குட்டையாகிறது. ஓய்-சுக்கியில் குத்துகிற ஆசையில் நீளமாகிறது. போகும்போது குறைத்து வைத்து, வரும்போது கூட்டி வைத்தால் கோட்டைத் தாண்டிப் பின்னால்தானே போய் நிற்போம்? அந்தக் கட்டாவை ஆறு வருடம் செய்திருந்தேன். அதில் டெஸ்டுக்குப் போய்ப் பாஸும் ஆகியிருந்தேன். என் கால் இப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் எதிரே நின்று சொல்லிக்கொடுப்பது. முதுகைக் காட்டி நின்றால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. முகம் காட்டி நின்றால் எல்லாவற்றையும் கண்ணாடிபோல மாற்றிச் செய்ய வேண்டும். வாய் "இடது" என்று சொல்லும், கை வலது போகும். முதல் மாதம் நான் திணறிய திணறல் கொஞ்சமல்ல. ஆனால் மூன்றாவது மாதத்தில் அந்தக் கட்டா உடம்பில் மட்டும் இல்லாமல் மனதிலும் விரிந்து கிடந்தது. எந்த அசைவில் நிறுத்தினாலும் அடுத்த கால் எது, எடை எந்தக் காலில் இருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. டெஸ்டில் உங்கள் கட்டாவைப் பாராட்டினார்கள் என்றீர்களே, அதில் பாதி அந்த இருபத்திரண்டு பிள்ளைகள் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

"நானே மாணவன்" என்று தயங்குகிறீர்கள். நீங்கள் தினமும் சொல்லிக்கொடுக்கும் ஹெய்யான் கட்டாக்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவாவில் அங்கோ இதோசு (1831–1915) என்ற ஆசான் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தொகுத்தவை அவை. அங்கே அவற்றின் பெயர் பின்னான். அதுவரை வீட்டு முற்றத்தில் ஒருவருக்கு, இருவருக்கு என்று ரகசியம்போலச் சொல்லித்தந்த கலையை அவர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். 1908-ல் கல்வித் துறைக்கு ஒரு கடிதமும் எழுதினார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்குக் கராத்தே கற்றுக்கொடுங்கள், அவர்கள் படிப்பு முடித்து ஊர் ஊராகத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள், பத்து வருடத்துக்குள் ஒக்கினாவா முழுக்கப் பரவி ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கும் போய்விடும் என்பது அவர் கணக்கு. அவர் நம்பியது பெரிய வீரர்களை அல்ல, படித்துக்கொண்டிருக்கும் பையன்களை. அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனாகோஷி தொழிலால் பள்ளி ஆசிரியர். 1922-ல் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்து காட்டியவர், பின்னானுக்கு ஹெய்யான் என்று பெயர் மாற்றியவர். டோக்கியோவில் அது கல்லூரி மன்றங்கள் வழியாகத்தான் வளர்ந்தது. மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கவுண்ட் சொல்லி, காலைத் திருத்தி, அப்படியே கைமாறி வந்தது. மாணவன் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றிருந்தால் கராத்தே பாளையங்கோட்டைக்கு வந்திருக்காது.

சரி, இப்போது குமித்தேக்கு வருகிறேன்.

ஒன்றரை வருடம், வாரம் நாலு மணி நேரம். லீவு நாட்களைக் கழித்தாலும் 250 மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரமெல்லாம் உங்கள் உடம்பு என்ன பழகியது என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வயதுப் பையன் குத்துகிறான், நீங்கள் நின்று வாங்கிக்கொள்கிறீர்கள். அவன் கை நீளத்துக்கு ஏற்ற தூரத்தில் நிற்கிறீர்கள், அது உங்கள் தூரத்தில் பாதிகூட இருக்காது. அவன் பயந்துவிடக் கூடாது என்று மெதுவாகத் தடுக்கிறீர்கள். திருப்பி அடிக்கும்போது இடுப்பைப் போடாமல் கையை மட்டும் நீட்டி, சட்டையில் படும் முன்பே நிறுத்துகிறீர்கள். அவன் எப்போது வருவான் என்று காத்திருக்கிறீர்கள், ஏனென்றால் அவன் வரக் கற்க வேண்டும். இதெல்லாம் ஒரு நல்ல ஆசிரியர் செய்ய வேண்டியதுதான். ஆனால் உடம்புக்குப் பாடம் எது, டெஸ்ட் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பழகியதைச் செய்யும். உங்கள் வயதுக்காரன் எதிரே நின்றபோதும் அது காத்திருந்தது.

கராத்தேயில் முதல் அடி கிடையாது என்ற ஃபுனாகோஷியின் வாக்கை நினைத்து நீங்கள் ஆறுதல்பட்டிருக்கலாம். காமகுராவில் எங்காகுஜி கோயிலில் இருக்கும் அவர் நினைவுக் கல்லிலேயே அது பொறித்திருக்கிறது. அது வெளியே வாழ்க்கையில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குச் சொன்னது. டெஸ்டில் ஹஜிமே (தொடங்கு) சொன்ன பிறகு நின்றுகொண்டிருப்பதற்கு அதைத் துணைக்கு அழைக்க முடியாது. எதிராளியை வரவிட்டு அடிப்பதும் ஒரு முறைதான், அதற்கு கோ நோ சென் என்று பெயரே இருக்கிறது. அப்படிக் காத்திருப்பவரின் பின்காலைப் பார்த்தால் தெரியும், தரையை அழுத்திக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது நம் குதிகால் இரண்டும் சுகமாகத் தரையில் உட்கார்ந்துவிடும். டெஸ்ட் எடுத்தவர் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். நல்ல கண் அவருக்கு. கோபப்படாதீர்கள்.

ஆகவே பாடம் எடுப்பதை விடச் சொல்ல மாட்டேன். குறைக்கச் சொல்வேன். மாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். "மாஸ்டர், வாரத்துல ரெண்டு நாள் பிள்ளைங்க பேட்ச் பாத்துக்கிறேன். மீதி ரெண்டு நாள் நான் பெரியவங்க கிளாஸ்ல வரிசைல நிக்கணும். கவுண்ட் வேற யாராச்சும் சொல்லட்டும். குமித்தேல என்னை நீங்க பாக்கணும்" என்று கேளுங்கள். பிளாக் பெல்ட் ஒருவரோடு, உங்களைவிட உயரமானவராக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு நிமிடச் சுற்று பத்துப் போடுங்கள். ஹஜிமே சொன்னதும் மனதுக்குள் மூன்று எண்ணுவதற்குள் நீங்கள் முதலில் போக வேண்டும், அடி பட்டாலும் சரி. முதல் இரண்டு வாரம் நிறைய வாங்குவீர்கள்.

கட்டண விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வாரத்தில் நாலு நாள் ஒரு பேட்ச் முழுவதையும் நடத்துகிறவரிடம் மாதக் கட்டணம் வாங்குவது நியாயமில்லை. பல மாஸ்டர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை, யாரும் கேட்காததால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மாஸ்டரை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். "அட, ஆமாம்ல" என்றால் உங்கள் வீட்டார் சந்தேகப்பட வேண்டியதில்லை. குரு தட்சணை, விசுவாசம் என்று பேச்சு வேறு பக்கம் போனால் வீட்டில் சொல்வதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பள்ளி ஆண்டு விழா வந்தால் பிள்ளைகளை வைத்து ஓடு உடைக்கச் சொல்வார்கள், கைமேல் பைக் ஏற்றச் சொல்வார்கள். நீங்கள் எடுக்கும் பேட்ச் என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வளர்கிற பிள்ளையின் எலும்பு நுனிகளுக்கு அருகே வளரும் பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், அங்கே அடிபட்டால் வளர்ச்சியே கோணலாகலாம். பெற்றோர் கைதட்டுவார்கள்தான். அந்தக் கைதட்டலுக்காக ஒரு பிள்ளையின் விரலைக் கொடுக்க முடியாது.

பெல்ட்டுக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டீர்கள். பெல்ட் நாம் நினைப்பதுபோலப் பழங்காலத்துச் சங்கதி கிடையாது. பிளாக் பெல்ட்டின் படியான டான் பட்டம் என்பதே ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883-ல் தொடங்கியது. கராத்தேக்காரர்கள் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலில் டான் கொடுத்தது 1924-ல். கோஜு-ரியூ என்ற கராத்தே பிரிவைத் தொடங்கிய சோஜுன் மியாகி கடைசிவரை யாருக்கும் டான் கொடுக்கவே இல்லை. அவர் மாணவர்கள் சோடை போகவுமில்லை. நீங்கள் போன டெஸ்டின் பெயர் ஷோதான், அதாவது முதல் டான். ஷோ என்றால் தொடக்கம்.

ஆனாலும் டெஸ்ட் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். நான் முதலில் கற்ற இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட். கட்டணம் கட்டினால் பெல்ட், யாரும் பெயில் ஆனதே இல்லை.  அப்பாவுக்கு வேறு ஊர் மாற்றலாகி நான் ஒரு புது மாஸ்டரிடம் போய்ப் பச்சை பெல்ட்டோடு நின்றேன். அவர் ஒரு கெதான்-பராய் (கீழ்த் தடுப்பு) போடச் சொன்னார். போட்டேன். முன்முழங்காலைத் தன் பாதத்தால் லேசாக, தள்ளக்கூட இல்லை, தொட்டார். சாய்ந்துவிட்டேன். "பெல்ட்டை வீட்டுல பத்திரமா வச்சுக்கம்மா. நாளைக்கு வெள்ளை கட்டிட்டு வா" என்றார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இரண்டு வருடம் என்னிடம் பணம் வாங்கிய யாரும் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. உங்களை ஒருவர் நின்று பார்த்து, என்ன குறை என்று நாலு சொல்லில் சொல்லி, திரும்பி வா என்றிருக்கிறார். எனக்கு அது கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

கடைசியாக அந்தப் பையன். "அண்ணா, பெயிலா?" என்று கேட்டவன். அவனிடம் மழுப்பாதீர்கள். "ஆமாடா, குமித்தேல விட்டுட்டேன். காத்துக்கிட்டே நின்னுட்டேன். ஆறு மாசத்துல திரும்பப் போறேன்" என்று வரிசையில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அவர்களும் நாளைக்கு டெஸ்டுக்குப் போகிறவர்கள், பெயிலான பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் பார்ப்பது அவர்களுக்கு நல்லது. வகுப்பு முடிந்து நீங்கள் அந்தப் பத்துச் சுற்றைப் போடும் நாளில் அவன் வீட்டிலிருந்து வண்டி வரத் தாமதமானால், கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து ஓரமாக நிற்க வையுங்கள். ஹஜிமே சொல்வதும் யாமே (நிறுத்து) சொல்வதும் அவன் வேலை. நீங்கள் மூன்று எண்ணுவதற்குள் போகவில்லை என்றால் கத்தச் சொல்லுங்கள், நிச்சயம் கத்துவான்.

அன்புடன்,
அக்கா