பாண்டா முகத்தில் கறுப்பு ஏன் கசிகிறது? ராயல் ஐசிங் கேள்வி பதில்

ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்காக, ராயல் ஐசிங் (காய்ந்ததும் கெட்டியாகும் சர்க்கரைப் பூச்சு) போட்டு 40 பாண்டா குக்கீ செய்து படம் போட்டிருந்தேன். அதைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் சென்னையில் வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் செய்பவள். அதனால் நம் ஊர்ப் புழுக்கத்தை மனதில் வைத்தே சொல்வேன்.

அக்கா, ராத்திரி கண்ணைச் சுற்றிக் கறுப்பு வைத்தபோது அழகாக இருந்தது. காலையில் பார்த்தால் வெள்ளை முழுக்கச் சாம்பல் நிறம். என்ன தப்பு செய்தேன்?

வெள்ளை எவ்வளவு நேரம் காய்ந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். அதற்குள் மேலே ஏடு கட்டிவிடும். தொட்டால் விரலில் ஒட்டாது. ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரம்தான் கறுப்பை இழுத்துக்கொள்கிறது. வெள்ளை முகத்தை முதலில் ஊற்றி, குறைந்தது 8 மணி நேரம் காயவிடுங்கள். மழை நாளில் இன்னும் கூடுதலாக. அப்புறம்தான் கறுப்பு. வெளிர் நிறம் முன்னால், அடர் நிறம் பின்னால்: இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இன்னொன்று, கறுப்பு கிடைக்கவில்லையே என்று ஜெல் கலரைப் பிழிந்துகொண்டே இருப்போம். நானும் அப்படித்தான் ஒரு தட்டு முழுக்கப் பாழாக்கினேன். ஜெல் அதிகமானால் ஐசிங் காயவே காயாது, கசிவதும் அதிகமாகும், வாயும் கறுத்துப்போகும். அடர்ந்த சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்தி, மூடி ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் அதுவே நல்ல கறுப்பாக இருக்கும். சிவப்புக்கும் இதே கதைதான்; சிவப்பு கூடினால் கசப்பு வேறு வரும்.

காய்வதற்கு டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து நேராகக் காற்று படச் செய்யுங்கள். ஐசிங்கில் பளபளப்பும் வரும். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது.

ஐசிங் சில நாள் வழிந்து ஓடுகிறது, சில நாள் கோடு கோடாக நிற்கிறது. சரியான பதம் எது?

அளவிலிருந்து தொடங்குவோம். 450 கிராம் ஐசிங் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி மெரிங்கு பவுடர் (ஐசிங்கை நுரைத்து இறுகச் செய்யும் தூள்), 5 முதல் 6 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. பீட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்து 7 முதல் 10 நிமிடம் அடியுங்கள். வேகம் கூட்டினால் காற்று புகுந்து, பிறகு குமிழியாகக் கிளம்பும். சர்க்கரையை மிக்ஸியில் அரைத்தால் சின்ன நாசிலில் (ஐசிங் பிழியும் பையின் முனை) அடைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிச் சலிப்பதே மேல்.

இந்தக் கெட்டி ஐசிங்கில்தான் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பதம் பார்க்க வேண்டும். கத்தியால் நடுவில் ஒரு கோடு கீறிவிட்டு எண்ணுங்கள். கோடு மறைய 20 விநாடி ஆனால் ஓரம் வரைய, 10 முதல் 12 விநாடி ஆனால் உள்ளே நிரப்ப. புதிதாகப் பழகுபவர்கள் 15 விநாடிப் பதம் ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் விடும்போது கை தாராளமாகிவிட்டால், சர்க்கரை சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கண், மூக்கு மாதிரி சின்ன இடங்கள் மட்டும் காய்ந்ததும் குழிந்துபோகின்றனவே?

இளகலான ஐசிங் சின்ன இடத்தில் நிற்காது. அங்கே 20 விநாடிப் பதத்தையே வையுங்கள், உடனே ஃபேன் காற்றில் வையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. கண்களைத் தனியாகவே செய்துவிடுவேன். படத்தின் மேல் ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) வைத்து, அதன் மேல் கண்களைப் பிழிந்து, ஒரு நாள் காயவிட்டு உரித்தெடுத்தால் போதும். சொட்டு ஐசிங் வைத்து முகத்தில் ஒட்டிவிடலாம். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருப்பதையே எடுப்பேன். மாறுகண் பாண்டாவெல்லாம் என் வாயில்.

முட்டை சாப்பிடாத வீட்டுக்குச் செய்யலாமா? மெரிங்கு பவுடர் சைவம்தானே?

இல்லை, அதில் முட்டை வெள்ளைக்கருத் தூள் இருக்கிறது. சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை, உப்புப் போடாமல், சுண்டக் காய்ச்சி ஆறவைத்து அடித்தால் நுரை வரும்; மெரிங்கு பவுடருக்குப் பதில் அதைச் சேருங்கள். முட்டை ஐசிங்கைவிட மெதுவாகக் காயும், அவ்வளவுதான். குக்கீ மாவிலும் முட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டா கட்டர் இல்லை, ஓவனில் வடிவமும் விரிந்துபோகிறது.

படத்தை அட்டையில் வெட்டி, மேலே பட்டர் பேப்பர் சுற்றி, மாவின் மேல் வைத்துக் கத்தியால் அறுங்கள். காதுகளைத் தடிமனாக விடுங்கள், மெலிந்தால் உடையும். மாவு 6 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும், பேக்கிங் பவுடர் வேண்டாம். வெட்டியதும் தட்டோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துவிட்டு 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். வெண்ணெய் இறுகினால்தான் வடிவம் நிற்கும்.

எனக்குக் கை நடுங்குகிறது மேடம். கோடு நேராக வரவே இல்லை.

கோலம் போடுவீர்களா? மாவை விரலால் தரையில் தேய்க்கிறோமா? கொஞ்சம் மேலிருந்து விழவிடுகிறோம். அதேதான். நாசில் முனையைக் குக்கீயில் உரசாமல் தூக்கி, ஐசிங் இழை தானாக இறங்கும்படி நகர்த்துங்கள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மருதாணி கோன் பிடித்த கை என்றால் இன்னும் சுலபம்.

செய்த குக்கீயை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் ஓடிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள்.

நாளைக்கு டெலிவரி அக்கா, இப்போது ஒரு காது உடைந்துவிட்டது!

பதறாதீர்கள். கெட்டி ஐசிங்கை உடைந்த இரண்டு பக்கமும் தடவி ஒட்டி, பின்பக்கம் ஒரு கோடு பிழிந்து, அசைக்காமல் ராத்திரி முழுக்க வையுங்கள். முன்பக்கத் தழும்பின் மேல் கறுப்பை ஒரு முறை பூசிவிட்டால் தெரியாது. அந்த ஒன்றைப் பெட்டியில் அடியில் வையுங்கள்.