ஹஸார்ட்: ஒரு பகடை ஆட்டத்தின் பெயர்

வணக்கம். ஆலைப் பாதுகாப்புப் பயிற்சியில் 'ஹஸார்ட் வேறு, ரிஸ்க் வேறு' என்று அடித்துச் சொல்கிறார்கள். அகராதியில் இரண்டுக்கும் ஆபத்து என்றுதான் போட்டிருக்கிறது. ஹஸார்ட் அரபுச் சொல் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?
எஸ்., ராணிப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

1300 வாக்கில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது ஹஸார்ட் என்பது ஒரு சூதாட்டத்தின் பெயர். இரண்டு பகடை. உருட்டுகிறவர் 5 முதல் 9 வரை ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அது 'மெயின்'. 7 சொன்னார் என்று வையுங்கள். முதல் உருட்டில் 7 அல்லது 11 விழுந்தால் வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறு எண், உதாரணமாக 8, விழுந்தால்தான் வேடிக்கை. மறுபடி 8 விழும்வரை உருட்டலாம், ஆனால் அதற்குள் 7 வந்தால் பணம் போச்சு. முதலில் வேண்டிக்கொண்ட எண்ணே இப்போது எமன். 36 சேர்க்கைகளில் 7 ஆறு வழியில் விழும், 8 ஐந்து வழியில்தான். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் கிராப்ஸ் இந்த ஆட்டத்தின் பேரப்பிள்ளை.

தோற்கும் வாய்ப்பு என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் ஏறியது. ஆபத்து அதிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'பார் அஸார்' என்றால் இன்றும் தற்செயலாக என்றே பொருள்.

அரபு மூலம்? பகடையைக் குறிக்கும் 'அஸ்‌-ஸஹ்ர்' என்பார்கள். பழைய அரபு அகராதிகளில் அந்தப் பொருள் கிடைப்பதில்லை என்பதால் 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்துவதே நியாயம். சிரியாவில் உள்ள ஒரு கோட்டையின் பெயரே ஆட்டத்துக்கு வந்தது என்பது சிலுவைப்போர்க் காலக் கதை.

உங்கள் வகுப்புக்கு வருவோம். பாதுகாப்புத் துறையில் இந்தச் சொல் தன் பகடையை ரிஸ்க்கிடம் கொடுத்துவிட்டது. 98 சதவீத சல்பூரிக் ஆசிட் டிரம் பூட்டிய கிடங்கில் இருந்தாலும் ஹஸார்ட்தான். எரிக்கும் குணம் அதனுடையது. யார்மேலாவது தெறிக்க எவ்வளவு வாய்ப்பு, தெறித்தால் எவ்வளவு மோசம் என்பது ரிஸ்க். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் ஆசிட்டை மெல்ல விட்டால் ரிஸ்க் குறையும். ஆசிட்டில் தண்ணீரை விட்டால் மேலே நிற்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் கொதித்து, ஆசிட்டோடு முகத்தில் அடிக்கும். டிரம் இரண்டிலும் ஒன்றே.

ஆலையின் பாதுகாப்புப் படிவத்தில் பலர் தவறுவது இங்கேதான். ஹஸார்ட் கட்டத்தில் 'வழுக்கி விழுதல்' என்று எழுதுகிறார்கள். அது விளைவு. 'பம்ப் அடியில் எண்ணெய்க் கசிவு' என்று எழுதுங்கள். பம்ப்பில் கசிவைத் தடுக்கும் 'சீல்' மாற்ற ஆள் வருவார்.