எழுத்தில்லாத புத்தகத்தை எப்படி வாசித்துக் காட்டுவது?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, மெர்சர் மேயரின் ‘ஃபிராக், வேர் ஆர் யூ?’ என்ற படப்புத்தகத்தை அனுப்பியிருக்கிறான். அட்டையைத் தாண்டினால் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டே நிமிடத்தில் புரட்டி முடித்துவிடுகிறோம். அவளைக் கதை சொல்லச் சொன்னால் ‘நாய்’, ‘மரம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். ‘எழுத்தே இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னத்தைப் படிக்கிறது?’ என்கிறார் மாமியார். இதனால் எழுத்து கற்பது தள்ளிப்போகுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நல்ல புத்தகம் கைக்கு வந்திருக்கிறது. 1969இல் வெளியான இதைத்தான், குழந்தைகளின் பேச்சை ஆராய்பவர்கள் பல நாடுகளில் குழந்தைகளிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி ஆகிய 5 மொழிகளில் ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் நடத்திய ஆய்வு 1994இல் நூலாக வந்தது. 3 வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத்தான் சொன்னார்கள். 5 வயதில் ஒரு படத்தை அடுத்த படத்தோடு கோக்கத் தொடங்கினார்கள். காணாமல்போன தவளையைத் தேடுவதுதான் கதை என்ற சரடை விடாமல் பிடித்துச் சொன்னவர்கள் 9 வயதுப் பிள்ளைகள். ஆகவே 4 வயதில் ‘நாய்’, ‘மரம்’ என்று நிறுத்துவதில் குறை ஒன்றும் இல்லை. அங்கிருந்து அடுத்த படிக்கு ஏற்றிவிடுவதுதான் உங்கள் வேலை.

இரண்டு நிமிடத்தில் முடிவதற்குக் காரணம், கண்ணைப் பிடித்து நிறுத்த வரிகள் இல்லாததுதான். முதல் தடவை யாரும் பேச வேண்டாம். புத்தகம் அவள் மடியில் இருக்கட்டும், பக்கத்தை அவளே திருப்பட்டும். அட்டையிலிருந்தே தொடங்குங்கள், இந்த வகைப் புத்தகங்கள் பலவற்றில் தலைப்புப் பக்கத்திலேயே கதை ஆரம்பித்துவிடும். மறுநாள் பேச்சோடு பாருங்கள். அன்றைக்கு 5, 6 படம் போதும், முழுவதையும் முடிக்க வேண்டாம்.

‘இது என்ன?’ என்று கேட்டால் பெயர்தான் பதிலாக வரும். ‘என்ன பண்ணுது?’ என்று கேட்டால் வினைச்சொல் வரும். பையனும் நாயும் தூங்குகிறார்கள், தவளை ஜாடியிலிருந்து காலை வெளியே வைக்கிறது. அந்தப் படத்தில் பேச்சு இப்படிப் போகலாம்:

‘தவளை.’
‘ஆமா, தவளை. என்ன பண்ணுது?’
‘வெளிய வருது.’
‘ஆமாடா, அவங்க தூங்கும்போது மெதுவா வெளிய வருது. நீ சொல்லு?’

அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதோடு ஒரே ஒரு துண்டு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ‘தூங்கும்போது’ என்ற அந்தத் துண்டுதான் இரண்டு செயல்களை முடிச்சுப் போடுகிறது. ‘அப்புறம்’, ‘அதனால’, ‘ஆனா’, ‘விழுந்துட்டு’, ‘தேடிக்கிட்டே’ எல்லாம் இதே வேலையைச் செய்பவை. வாரத்துக்கு ஒன்றிரண்டை உங்கள் பேச்சில் அடிக்கடி வரவிடுங்கள்.

கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். குழந்தை வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பதிலைச் சொல்லிவிடுவார்கள். இன்னொரு தவறு, கேள்விமேல் கேள்வி கேட்டுப் பரீட்சை ஆக்கிவிடுவது. ஒரு படத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். பொந்திலிருந்து எட்டிப்பார்க்கும் விலங்கை அவள் எலி என்றால் எலியாகவே இருக்கட்டும். கதை ஓட அது போதும்.

இந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். பையன் பாறைமேல் ஏறி, கிளைகளைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறான். பக்கத்தைத் திருப்புமுன் ‘எதைப் பிடிச்சிருக்கான்?’ என்று கேளுங்கள். ‘கிளை’ என்பாள். மூச்சுவிடாமல் திருப்புங்கள். அவன் ஒரு மானின் தலைமேல் கிடப்பான். கிளை என்று நினைத்தது கொம்பு! உடனே முந்தைய பக்கத்துக்குப் போய், அந்தக் ‘கிளை’யை அவளே விரலால் தடவிப் பார்க்கட்டும். படத்தில் பார்த்ததை மறுபடி போய்ச் சரிபார்க்கலாம் என்பது குழந்தைக்கு இங்கே பிடிபடும்.

மாமியாரின் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. படப்புத்தகம் ‘அ, ஆ’ கற்றுத்தராது. அதற்கு எழுத்துள்ள புத்தகம் வேண்டும், இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அச்சிட்ட தமிழ்க் கதையில் ‘சென்றான்’, ‘கூறினான்’ என்று வரும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எழுத்தில்லாத புத்தகத்தில் வீட்டுத் தமிழிலேயே முழுக் கதையும் கட்டலாம். கதை கட்டத் தெரிந்த பிள்ளைக்கு, பின்னால் வாசிக்கும்போது அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியும்.

எழுத்தோடு இணைக்கவும் எளிய வழி உண்டு. நான்கைந்து தடவை பார்த்தபின், அவள் சொல்வதைப் படத்துக்கு ஒரு வரியாக ஒட்டுச்சீட்டில் எழுதி, படம் மறையாத ஓரத்தில் ஒட்டுங்கள். ‘நாய் ஜன்னல்லேருந்து விழுந்துருச்சு’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், ‘விழுந்துவிட்டது’ என்று திருத்தாதீர்கள். பிறகு விரலை வரிக்கடியில் ஓட்டி வாசித்துக்காட்டுங்கள். தான் சொன்னதுதான் எழுத்தாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், திருத்தினால் அது தெரியாது. ஒரு நாளைக்கு 4 சீட்டு போதும். மாமியாரையும் ஒருநாள் புத்தகத்தோடு உட்காரச் சொல்லுங்கள். வாசிக்க வராத பாட்டியானாலும் முழுக் கதையும் சொல்லலாம். அவர் சொல்லும் கதை உங்களுடையதிலிருந்து மாறினால் இன்னும் நல்லது.

4 வயது முடிந்தும் மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், அதைப் புத்தகத்தால் சரிசெய்யப் பார்க்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து வாங்குவதென்றால், கதை முன்பே தெரிந்த புத்தகமாகப் பாருங்கள். ஜெர்ரி பிங்க்னியின் சிங்கம்-சுண்டெலிப் புத்தகத்தில் விலங்குகளின் ஒலிகளைத் தவிர வார்த்தை கிடையாது. அமெரிக்காவில் குழந்தைகள் படப்புத்தகத்தின் சித்திரங்களுக்குத் தரப்படும் கால்டெகாட் பதக்கத்தை 2010இல் பெற்றது. பட அகராதியை இந்த வகை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அதில் கதை இருக்காது. பக்கத்துக்கு ஆறேழு கட்டம் உள்ளவை 6 வயதுக்குமேல் போதும். எந்தக் கட்டத்துக்குப் பின் எது என்று இப்போது குழம்புவாள். காசில்லாமல் வேண்டுமானால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் வார்த்தையில்லாக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை மொபைலில் காட்ட வேண்டாம். படம் சிறுத்துவிடும், விரல் பட்டால் பக்கம் ஓடிவிடும். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, தாளுக்கு ஒரு பக்கமாக ஒருபுறம் மட்டும் அச்செடுத்து, இடது ஓரத்தில் நூல் கோத்துக் கட்டிக் கொடுங்கள். வெறுமையாக இருக்கும் பின்புறத்தில் அவளே அடுத்து நடப்பதை வரைந்துகொள்வாள்.