வால்வு சுருங்கிய இருதயத்தோடு பிள்ளை பெறலாமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் அவருடைய மகளின் இருதயத்தில் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறார். வேறு கரைச்சல் இல்லை. கடைசியாக எக்கோ (இருதய ஸ்கான்) எடுத்துச் சில வருடங்களாகின்றன. விரைவில் திருமணம். பிள்ளை பெறலாமா என்பதே கேள்வி.

அம்மா, இந்த நோயுள்ள பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகளுக்கு இப்போது கரைச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது, நாடித்துடிப்பும் வேகமாகிறது. சுருங்கிய வால்வினூடாக இரத்தம் இறங்க நேரம் வேண்டும். துடிப்பு வேகமாகும்போது அந்த நேரமே குறைந்துவிடுவதால், இறங்காத இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறது. வால்வு கசிபவர்கள் பொதுவாகக் கர்ப்பத்தைத் தாங்கிக்கொள்ள, சுருங்கியவர்கள் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே கருத்தரிக்கும் முன்பே யாழ். போதனா வைத்தியசாலையின் இருதய கிளினிக்கில் புதிதாக எக்கோ எடுத்து, வால்வின் பரப்பையும் நுரையீரல் இரத்தக் குழாயின் அழுத்தத்தையும் கேட்டு அறியுங்கள். இயல்பான பரப்பு 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர். அது 1.5க்குக் கீழே இருந்தால் முதலில் பலூன் மூலம் வால்வை விரிப்பதைப் பற்றி வைத்தியர் பேசுவார். 1க்குக் கீழே இருந்தால் விரிக்கும்வரை கருத்தரிக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு நோயை மறைக்காதீர்கள். மறைத்த வீடுகளில் ஊசி நின்றுபோகிறது, கிளினிக் தவறுகிறது, இரவில் மூச்சு முட்டினாலும் அந்தப் பிள்ளை வாய் திறப்பதில்லை. குடும்பநல மாதுவிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பமானபின் 28 முதல் 32 வாரம் வரை, பிரசவ வேளை, பிரசவத்தை அடுத்த இரண்டு மூன்று நாட்கள் ஆகியவையே அதிகம் பயப்பட வேண்டிய காலங்கள். கடைசியாகச் சொன்னதை வீட்டார் எதிர்பார்ப்பதில்லை. பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கி, அங்கிருந்த இரத்தம் ஒரேயடியாக இருதயத்துக்குத் திரும்புகிறது. நேராகப் படுக்க முடியாமல் தலையணை கூட்டிக்கொள்வது, இரவில் இருமலோடு எழுந்து உட்காருவது, நெஞ்சு படபடப்பது ஆகியவற்றை 'முட்டு' (ஆஸ்துமா) என்று எண்ணிப் பம்ப் அடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இருதய நோய் என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவதில்லை. வலியைக் குறைத்துச் சாதாரணப் பிரசவம் நடத்துவதே பெரும்பாலும் நல்லது.

பெனிசிலின் ஊசி கருவைப் பாதிக்காது. கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் அதைத் தொடர வேண்டும். உலோக வால்வு பொருத்தி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களின் நிலை வேறு. கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரையான காலத்தில் அந்த மருந்து கருவில் ஊனத்தை உண்டாக்கக்கூடும். அதற்குப் பயந்து தாமாக நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகும். அவர்கள் நாள் தள்ளிப்போன உடனேயே வைத்தியரிடம் போய், மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும்.