சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: வடசென்னையில் ஒரு குறுகலான சந்தில் குடியிருக்கிறோம். ஒரே அறை. மேலே ஓலை, அதன் மேல் தார்ப்பாய். மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. கதவு திறந்திருந்தால் மெயின் ரோடு வரை ஓடிவிடுவான். அதனால் தண்ணீர் பிடிக்க, கடைக்குப் போக என்று வெளியே கிளம்பினால் பூட்டிவிட்டுத்தான் போகிறேன். போன தீபாவளிக்கு ராக்கெட் விழுந்து எங்கள் சந்தில் இரண்டு வீடு எரிந்தது. வெடிச்சத்தம் கேட்டாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: சகோதரி, ஓடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் ‘பூட்டாதே’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ரோட்டில் லாரி வருவதைப் பார்த்துப் பதறுவது நீங்கள்தானே. ஆனாலும் பூட்டைப் பற்றிப் பேசாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியாது.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் ஓடிவிடுவார்கள் என்றுதான் கட்டியிருந்தார்கள். உங்கள் பாசத்தை அதோடு சேர்த்துப் பேசவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் தீ வந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் சந்தில் தீ என்று சத்தம் கேட்டால் என்ன நடக்கும்? நாலு பேர் ஓடிவருவார்கள். உங்கள் கதவில் பூட்டு தொங்கும். “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று கத்துவார்கள். பேசாத பிள்ளை, அதுவும் பயந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பிள்ளை, எப்படிப் பதில் சொல்வான்? வீட்டில் ஆள் இல்லை என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பும் இல்லை.

அதனால் இன்றைக்கே பூட்டைக் கழற்றிவிட்டு, வெளிப்பக்கம் வெறும் கொக்கி மட்டும் போடுங்கள். உள்ளேயிருந்து அவனால் திறக்க முடியாது, வெளியே யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பூட்டியே ஆகவேண்டும் என்றால், எப்போதும் வீட்டில் இருக்கிற இரண்டு பேரிடம் ஆளுக்கொரு சாவி கொடுங்கள். இடுப்பில் சொருகிய சாவி குழாயடியிலிருந்து திரும்பி வருவதற்குள் ஓலை கூரை காத்திருக்காது. இதெல்லாம் பத்து நிமிட வேலைக்குத்தான். அதற்கு மேல் என்றால் அவனைத் தனியே விடவே கூடாது. பகல் நேரப் பராமரிப்பு மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அக்கம்பக்கத்தில் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள்: “இவன் கூப்பிட்டா வர மாட்டான், கட்டிலுக்கு அடியில இருப்பான், கையைப் புடிச்சு இழுத்தா கடிப்பான், போர்வையில சுத்தித் தூக்குங்க.” உங்கள் சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. வண்டி வருமுன் காப்பாற்றப்போவது இவர்கள்தான். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, பாத்திரம் என்று வைத்து அடைத்துவிடுங்கள். ஒளிய இடமே இருக்கக்கூடாது.

அப்புறம் ஒத்திகை. இந்தப் பிள்ளைகளுக்கு ‘தீ வந்தால் ஓடு’ என்று விளக்கிப் புரியவைப்பது கஷ்டம். ஆனால் தினமும் ஒரே மாதிரி செய்வது அவர்களுக்குப் பிடிக்கும். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வார்த்தை, ஒரே வழி, போய்ச் சேர ஒரே இடம். ஒரு விசில் ஊதி, “வா, குழாயடி” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அங்கே போனதும் அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கொடுங்கள். முதல் வாரம் விசிலை மெதுவாக ஊதுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மூன்று மாதம் ஆனாலும் சரி, விடாதீர்கள்.

அடுப்பு கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? ஒற்றை அறை வீடுகளில் புகை போக அங்கேதான் வைப்பார்கள். அங்கே பற்றினால் வெளியேற வழி கிடையாது. பின்பக்கம் தட்டி என்றால், அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பகுதியைக் கயிற்றால் கட்டி வையுங்கள், இழுத்தால் அவிழ வேண்டும். இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து பிள்ளையோடு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தரையில் படுக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது இன்னும் ஆபத்து. கொசுவர்த்தியைப் பாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். என் வீட்டிலேயே ஒருமுறை பாயில் கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. நல்ல வேளை, பகல் தூக்கம்.

சுட்டுவிட்டால் இங்க், பேஸ்ட், தோசை மாவு எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம். அப்போது தீயணைப்பு வீரர்கள் செயல்விளக்கம் காட்ட வருவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து நிலையத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். முகமூடியும் ஹெல்மெட்டும் போட்ட ஆளைப் புகைக்குள் முதன்முதலாகப் பார்த்தால் அவன் இன்னும் உள்ளே பதுங்குவான். அவன் கண்முன்னே ஒருவரை ஹெல்மெட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவன் கையில் கொடுத்தால் தட்டிப் பார்ப்பான், நக்கிக்கூடப் பார்ப்பான். பார்க்கட்டும்.