அறுவடை வரைக்கும் தள்ளிப் போடாதீங்க

இடுப்பு வலி, நகத்துல வெள்ளைப் புள்ளி, நெட்ல பாத்தா கேன்சரோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த பயத்த தூக்கிப் போடுங்க. நாள் முழுக்க குனிஞ்சு வேலை செய்றவருக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும், நகத்துல வெள்ளைப் புள்ளிக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். கடைசி வரியில போற போக்குல எழுதியிருக்கீங்களே, ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) 1.6னு, அதப் பாத்துதான் நான் பயந்தேன்.

44 வயசுல இது சாதாரணம் இல்ல. கிரியேட்டினின் ஏறி ரிப்போர்ட்ல தெரியறதுக்குள்ள கிட்னியோட வேலைல பாதி போயிருக்கலாம், வலியே இருக்காது, அதனாலதான் யாரும் கவனிக்கறதில்ல. ரெண்டு சீசனா விளைச்சல் இல்ல, கூலி மிச்சம்னு ஆள் வைக்காம நீங்களே உச்சி வெயில்ல நிக்கறீங்க, தண்ணி குடிக்கக்கூட கரையேற மாட்டேங்கறீங்க, ராத்திரி டைக்ளோபினாக்னு ஒரு வலி மாத்திரை போட்டுட்டு படுக்கறீங்க. அனுப்புன போட்டோல அட்டைல பத்துக்கு ஏழு காலி! உடம்புல தண்ணி வத்துனாலே கிட்னிக்கு ரத்தம் கம்மியாதான் போகும், அந்த மாத்திரை அதையும் இன்னும் குறைக்கும். யாரக் கேட்டு போட்டீங்க?

மத்திய அமெரிக்காவுல இருக்கற எல் சால்வடார் நாட்டுல சுகர், பிரஷர் எதுவும் இல்லாத விவசாயக் கூலிகளுக்கு கிட்னி செயலிழக்குதுன்னு 2002லயே டாக்டர்கள் எழுதினாங்க. அந்தப் பக்கத்து கரும்புக் காட்டுல வெட்டுன எடைக்குத்தான் கூலி, உக்காந்தா காசு போச்சுன்னு நிக்காம வெட்டுவாங்க. பூச்சி மருந்து மேலயும் சந்தேகம் இருக்கு, ஆனா வெயிலும் தண்ணி வத்துறதும் பெரிய காரணம்னு இன்னைக்கு நிறைய பேர் நினைக்கறாங்க. நிழலும் தண்ணியும் நேரத்துக்கு ஓய்வும் குடுத்த தோட்டங்கள்ல கிட்னி பாதிப்பு குறைஞ்சிருக்கு.

டயாலிசிஸ் வந்து நிலத்த விக்க வேண்டி வருமோன்னுதான நீங்க கேக்க வந்தது? 1.6ல டயாலிசிஸ் பேச்சே இல்ல. தண்ணி வத்துனதால மட்டும் ஏறியிருந்தா இறங்கவும் செய்யும். ஆனா அறுவடை பணம் வந்ததும் டாக்டர பாக்கறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது மட்டும் கூடாது, அறுவடைக்கு இருக்கற ரெண்டு மாசத்துல போற கிட்னிய எந்தப் பணமும் திருப்பித் தராது.

வலி மாத்திரைய இன்னைக்கே நிறுத்துங்க, கிட்னி கல்ல கரைக்கும்னு சொல்ற கசாயமும் வேண்டாம். இந்த வாரமே கிரியேட்டினின திரும்ப பாருங்க, கூடவே யூரின்ல புரதம், பிரஷர். யூரின் ரொம்ப கம்மியானாலோ, கருஞ்சிவப்பா போனாலோ, முகம் வீங்கி வாந்தி வந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. போறப்ப மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, காலி அட்டையும் சேத்து.